இரண்டாம் கியரும் ஓரக் குறிப்பும்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாள் முதல் என் பக்கத்திலேயே அமர்ந்திருந்து, இப்போது கேட்டால் பதில் வராத ஊருக்குப் போய்விட்ட என் அன்பு நாச்சியப்பா,

நலம் விசாரித்துத் தொடங்குவதே முறை. ஆனால் நீ சிவபதவி அடைந்து ஐந்து மாதம் ஆகிறது. உன் நலத்துக்கு இனிக் குறைவில்லை. நலமில்லாமல் இருப்பவை இரண்டு: உன் வண்டியின் கியர் பெட்டி, அதைப் பார்த்துக்கொள்வதாக உனக்கு வாக்குக் கொடுத்த நான். அன்பு என்று எழுதிவிட்டேனே தவிர, மிகுந்த எரிச்சலோடுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் பங்கு ஆலயத்தின் மாத இதழுக்குக் கொடுக்கப் போகிறேன். கியர் பெட்டிக்கும் கோவில் இதழுக்கும் என்ன தொடர்பு என்று பங்குத்தந்தை கேட்டார். நாலு பேர் அறியச் செய்த தவற்றை நாலு பேர் அறியவே சொல்ல வேண்டும் அல்லவா சுவாமி என்றேன். சரி, எழுதிக் கொடுங்கள் என்றார்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உன் தந்தையார் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சிவப்பு வண்டி அது. இருவர் மட்டுமே உட்காரலாம். கல்யாணத்துக்குப் போகவும் ஆகாது, காய்கறி வாங்கவும் ஆகாது. விரைந்து ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பந்தயத் தளத்தில், பழைய வண்டிகளுக்கென நடக்கும் ஓட்டத்தில் ஆண்டுதோறும் அதை ஓட்டி வந்தாய். இந்த ஆண்டு உன் மகள் உண்ணாமலை ஓட்டட்டும் என்று நீயே விண்ணப்பத்தில் அவள் பெயரை எழுதி அனுப்பினாய். அனுப்பிய பத்தாம் நாள் உன் நெஞ்சு உன்னைக் கைவிட்டது.

மதுரை மருத்துவமனையில் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னதை மறக்கவில்லை. "சவரி, மத்ததெல்லாம் மெக்கானிக் காதர் பாத்துக்கிருவான். கியர் பெட்டிய மட்டும் நீ பாத்துக்க. நீதான் எதையும் ஒரு எழுத்து விடாமப் படிப்ப." நான் சரி என்றேன். செபமாலை கையில் இருக்கும்போது சொன்ன சரி அது.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. உன் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஞாயிறு பூசை முடிந்து வந்து அமர்ந்து, நீ வண்டிக்கு அடியில் படுத்திருக்க, மேலே நான் செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தவன். சீருக்கும் சீருக்கும் நடுவே தளை இசைவது போல் ஒரு கியரிலிருந்து மறு கியருக்கு ஓசையின்றிப் போக வேண்டும் என்று நான் ஒரு நாள் சொன்னேன். "இம்புட்டு அழகா மெக்கானிக்கு எவனும் சொல்ல மாட்டான்டா" என்று அடியிலிருந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் சரி சொன்னேனோ?

ஐப்பசி மழை விட்டதும் வண்டியை வெளியே தள்ளினோம். மூன்று மாதம் நின்றிருந்த வண்டி. காதர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "பழச வடிச்சுட்டுப் புது ஆயில் ஊத்துவோம் வாத்தியாரய்யா. ரெண்டு விரல்ல தள்ளுனாப் போதும், கியர் தானா விழுகும்" என்றான். எந்த ஆயில் என்பதை மட்டும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதானே நீ எனக்கு விட்டுச்சென்ற வேலை?

வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்தேன். கை கழுவி, கண்ணாடியைத் துடைத்து, மறைநூலைத் திறப்பதைப் போலத்தான் திறந்தேன். கியர் பெட்டிக்கான பக்கத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தது: தொண்ணூறாம் எண், மிகுந்த அழுத்தம் தாங்கும் கியர் ஆயில். அவ்வளவே. ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் நான்கு வரி இருந்தது. "இது அந்தக் காலத்துத் தொண்ணூறு. இப்போது வரும் டப்பாவில் ஜி.எல். 5 என்று போட்டிருந்தால் ஊற்றக் கூடாது. பித்தளை வளையம் வழுக்கும், அரிக்கும். ஜி.எல். 4 என்று போட்டது மட்டும்."

உன் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்து ஓடும். இதுவோ நிமிர்ந்து, உருண்டு, வரிக்கு வரி ஒரே அளவாக நின்றது. அச்சிட்ட மூலத்துக்கு மாறாகப் பேசுகிறது, எழுதியவன் யார் என்று தெரியவில்லை, காலத்தால் பிந்தியது. பழஞ்செய்யுள்களில் பின்னால் வந்த எவனோ தன் சரக்கை நுழைத்துவிட்டுப் போனதை எத்தனை முறை வகுப்பில் பிடித்துக் காட்டியிருக்கிறேன்! முப்பத்தாறு ஆண்டு ஆசிரியப் புத்தி சும்மா இருக்குமா? "இது இடைச்செருகல்" என்று தீர்ப்பளித்தேன். காதரும் அவன் பட்டறை ஆட்களும், வண்டியை வேடிக்கை பார்க்க வாசலில் நின்றவர்களும் கேட்கும்படி உரக்கவே அளித்தேன்.

ஜி.எல். என்பது ஆயிலின் தர வரிசை எண்ணாம்; காதருக்கும் என் தீர்ப்பு பிடித்துப்போயிற்று. "அஞ்சு வந்த பெறகு நாலு எதுக்குங்கய்யா? எட்டாங்கிளாஸ் பாஸானவன மறுபடி ஏழுல ஒக்கார வைப்பீகளா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். காப்பி கொண்டு வந்த உன் மனைவி விசாலாட்சி. "அண்ணே, அஞ்சு ஊத்தாதீக. அவுக ஊத்த மாட்டாக" என்றாள். "அச்சுல இருக்கதப் பாத்துத்தான் செய்றோம் தங்கச்சி. நீ கவலப்படாம உள்ள போ, இத நாங்க பாத்துக்கிருவோம்" என்றேன். அவள் குடித்து வைத்த தம்ளர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தம்ளர் ஓசை இப்போதுதான் எனக்குக் கேட்கிறது.

ஐந்தை ஊற்றினோம். முதல் நான்கு நாள் மெத்தென்றுதான் இருந்தது. பத்தாம் நாள், அரியக்குடிச் சாலையில் உண்ணாமலை வேகம் எடுத்து மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினாள். பெட்டிக்குள்ளிருந்து எழுந்த ஓசையை என்னவென்று சொல்ல? கற்பலகையில் ஆணியால் கீறியது போல் என் பல்லெல்லாம் கூசியது.

உன் மகள் வங்கிக்குப் போகும் முன் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகுவாள். பக்கத்து இருக்கையில் நான். "அம்மான், ஒங்க செபம் முடிஞ்சுச்சா? ரெண்டுல போடப் போறேன்" என்று எச்சரித்துவிட்டுத்தான் கியர் கம்பியைத் தள்ளுவாள். ஒவ்வொரு முறையும் அந்த ஓசை. முதலில் சிரித்தவள் பிறகு சிரிப்பதை விட்டாள். "அப்பச்சி ஓட்டுனப்ப இப்படிக் கத்துனதே இல்ல அம்மான். என் கைதான் சரியில்லையோ?" என்று ஒரு நாள் உன்னை நினைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கு அந்த ஓசையைவிட அந்தக் கேள்விதான் அதிகம் சுட்டது. குறை அவள் கையில் இல்லை என்று அன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையே.

காதர் எனக்குப் பொறுமையாக விளக்கினான். "ஓடுற பஸ்ஸுல ஏறுறவன் கூடவே நாலு எட்டு ஓடித்தானய்யா ஏறுவான்? உள்ளுக்குள்ள பித்தளை ரிங்கு ஒண்ணு இருக்கு. பல்லும் பல்லும் சேர்றதுக்கு முன்னால ரெண்டையும் ஒரே வேகத்துல ஓட வைக்கிறது அதுதான். அது எங்கயோ ஏமாத்துது." ஏன் ஏமாற்றுகிறது என்று மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. லாரிக்கும் நம் ஊர்க் கார்களுக்கும் கைராசிக்காரன். இந்த வண்டியின் பெட்டியை உன்னைத் தவிர வேறொருவரும் பிரித்ததில்லை.

கெட்டியான ஆயில் ஊற்றினால் ஓசை அடங்கும் என்றான். கார்த்திகையில் நூற்று நாற்பதாம் எண் ஆயிலை ஊற்றினோம். ஓசை சற்று அடங்கியது. அதோடு கியரும் அடங்கிவிட்டது. குளிர்ந்த காலையில் கம்பி அசையவில்லை. உறைந்த நெய்யில் கரண்டியை விட்டுக் கிளறுவது போல் உண்ணாமலை இரு கையாலும் இழுத்தாள். அன்று அவளுக்கு வங்கிக்கு நேரமாகிவிட்டது.

எஸ்.டி.டி. பூத்தில் நின்று சென்னையில் ஓர் ஆயில் கடைக்குப் பேசினேன். வண்டியின் பெயரைச் சொன்னதும், "அந்த வண்டி இந்தியாவுல இருக்கா சார்?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். இருக்கிறது, காரைக்குடியில் கத்திக்கொண்டிருக்கிறது என்றேன். மெல்லிய எஞ்சின் ஆயிலை ஊற்றிப் பாருங்கள் என்றார். அதையும் ஊற்றினோம். கம்பி இளகியது, ஆனால் பெட்டி சாக்கோட்டை வரைக்கும் ஒரே சுருதியில் ஊளையிட்டது, இரண்டாம் கியரும் கத்தலை விடவில்லை.

நாச்சியப்பா, அந்த வாரம் நான் செபிக்க அமர்ந்தால் செபம் வரவில்லை. மறைநூலைத் திறந்தால் வரிகளுக்கு நடுவே ஆயில் எண்கள் ஓடின. பூசையில் மணி ஒலித்தபோது பல் கூசியது. கையேட்டைப் பன்னிரண்டு முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்த அந்த நான்கு வரியை விரலால் மறைத்துக்கொண்டே படித்தேன். ஏன் மறைத்தேன்? பொய் என்று தீர்த்துவிட்ட ஒன்றை எதற்காக மறைக்க வேண்டும்?

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். நண்பகல். காதர் அடியிலிருக்கும் போல்ட்டைக் கழற்றி எஞ்சின் ஆயிலை வடித்தான். கீழே வைத்திருந்தது உன் வீட்டு வெள்ளை எனாமல் தாம்பாளம். வடிந்து நின்ற ஆயிலில் வெயில் பட்டதும் தாம்பாளம் முழுவதும் மினுக்கென்றது. பொன்னைப் பொடி செய்து தூவியது போன்ற மினுக்கம். அழகாகத்தான் இருந்தது. காதர் அதைத் தொட்டு, இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னப்பா?" என்றேன்.

"ரிங்குய்யா. பித்தளை. தேஞ்சு வருது."

அப்போது விசாலாட்சி வந்து நின்றாள். இந்த முறை அவள் கையில் காப்பி இல்லை. தாம்பாளத்தை உற்றுப் பார்த்தாள். "இதுக்குத்தான் அண்ணே அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

"நீ சொன்ன தங்கச்சி. ஆனா புத்தகத்துல ஓரத்துல எவனோ கிறுக்கி வச்சிருந்ததை நம்பி எப்புடி..." என்று தொடங்கினேன்.

"எவனோ இல்ல. அது நான் எழுதுனது."

அவள் தொடர்ந்தாள். "மூணு வருசத்துக்கு முந்தி அவுகளும் அஞ்ச ஊத்தித்தான் கெடுத்தாக. பெட்டியப் பிரிச்சு, ஒரு ரிங்கு மாத்தி, கண்டுபிடிச்சாக. அவுக அடியில படுத்துக்கிட்டுச் சொல்லச் சொல்ல நான் மேல ஒக்காந்து எழுதுனேன். அவுக கையி பூரா கிரீசு. அந்தக் கையோட பொஸ்தகத்தத் தொடுவாகளா? இந்தப் பெட்டியப் பத்தி இருக்க எழுத்து எல்லாமே என் எழுத்துதான் அண்ணே."

"இத நீ ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"சொல்ல விட்டீகளா? உள்ள போன்னு சொன்னீக. போனேன்." சிரிக்காமலேயே சொன்னாள்: "முப்பது வருசமா என் கையிலதான் காப்பி வாங்கிக் குடிச்சீக. அந்தக் கையில பென்சிலும் இருந்துச்சான்னு ஒரு நாளாச்சும் பாத்தீகளா?"

காதர் தாம்பாளத்தைக் குனிந்து பார்த்தபடியே இருந்தான். திருத்தூதர்கள் சொல்லச் சொல்ல மற்றொருவர் அமர்ந்து எழுதிய திருமுகங்களை ஞாயிறுதோறும் ஆலயத்தில் எழுந்து நின்று வாசிப்பவன் நான். எழுதிய கை வேறு என்பதால் எந்த நாளும் ஒரு வரியையும் நான் தள்ளியதில்லை. உன் வீட்டுக் கொட்டகையில் மட்டும் எனக்கு அந்த அறிவு எங்கே போயிற்று? சொற்கள் காலத்தோடு பொருள் மாறும் என்று முப்பத்தாறு ஆண்டு பாடம் நடத்தினேன். அச்சிட்ட தொண்ணூறு வேறு, இன்றைக்குக் கடையில் விற்கும் தொண்ணூறு வேறு என்று அந்த நான்கு வரியும் அதைத்தானே சொன்னது?

"நாலு எங்கன கெடைக்கும் ஆச்சி? மதுரையில சொல்லி வச்சாலும் பொங்கலுக்குள்ள வராதே" என்றான் காதர்.

"எதுக்கு மதுரைக்குப் போறீக? உள்ள வாங்க" என்றாள் அவள்.

முற்றத்தைத் தாண்டி, வீட்டின் இரண்டாம் கட்டிலுள்ள சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். எலுமிச்சங்காய் ஊறுகாய், நார்த்தங்காய், புளி என்று வரிசையாகப் பீங்கான் ஜாடிகள். கடைசியில் இரண்டு ஜாடிகளுக்கு மட்டும் வாயில் வெள்ளைத் துணிக்குப் பதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அவிழ்த்தாள். தெளிந்த பழுப்பு நிறத்தில், விளிம்பு வரை, நீ சேர்த்து வைத்த ஜி.எல். நான்கு. "டப்பா துருப்பிடிச்சுப் போகும்னு நான்தான் இதுல மாத்தி வச்சேன். ஊறுகாய்னு எடுத்துறக் கூடாதேன்னு துணி மட்டும் வேற" என்றாள். ஊரெல்லாம் அலைந்தேன், சென்னை வரைக்கும் பேசினேன். நான் காப்பி குடித்த இடத்திலிருந்து இருபது தப்படி தூரத்தில் அது இருந்திருக்கிறது.

காதர் ஜாடியை முகர்ந்து பார்த்தான். "வழுக்க வழுக்க நல்லதுன்னு நெனச்சேன் ஆச்சி" என்றான். "எல்லாரும் அப்புடித்தான் நினைப்பாக. ரிங்குக்குப் பிடி வேணும். பிடிச்சு நிறுத்துனாத்தான் பல்லு சேரும். ரொம்ப வழுக்குனா அது எதைப் பிடிக்கும்? அவுக சொல்வாக" என்றாள். சொல்லும்போது நாச்சியப்பா, அவள் குரல் ஒரு கணம் உன் குரலாகவே இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெட்டியை இரு முறை கழுவி, பிறகு ஜாடியிலிருந்த நாலை ஊற்றினோம். மறுநாள் காலை நேமத்தான்பட்டிப் பக்கம் போகும் வெறுஞ்சாலையில் உண்ணாமலை ஓட்டினாள். இரண்டில் தள்ளினாள். கத்தவில்லை. நான் "ஆண்டவரே" என்றேன். ஆனால் அவள் முகம் முழுதாக மலரவில்லை.

"ஒரு இமை நேரம் நின்னு தள்ளணும் அம்மான். நின்னாப் போகுது. அவசரப்பட்டாக் கொஞ்சம் உரசுது. ரிங்கு தேஞ்சது தேஞ்சதுதானே?" என்றாள். உதிரி வளையம் இந்த நாட்டில் எங்கும் இல்லை. உன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றை மூன்று ஆண்டுக்கு முன்பே போட்டுவிட்டாய். அதைத்தான் நான் தேய்த்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு ஓட்டம். ஒரு சுற்றில் நான்கு திருப்பங்களில் இரண்டாம் கியர் வேண்டும் என்கிறாள். எட்டுச் சுற்று. முப்பத்திரண்டு முறை உன் மகள் மற்றவர்கள் பாயும் இடத்தில் ஓர் இமைப்பொழுது நின்று தள்ள வேண்டும். அவள் கையில் குறை இல்லை என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியும், அவளிடமும் சொல்லிவிட்டேன். அந்த முப்பத்திரண்டு இமைப்பொழுதும் என்னுடையவை. பின்தங்கினால் அது என் பின்தங்கல். இதைத் தாங்கிக்கொள்வது எப்படி என்று நீதான் சொல்ல வேண்டும், நீயோ சொல்ல மாட்டாய். "எழுதினது விசாலாட்சி" என்று அந்த ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, பேச்சுவாக்கில், நீ சொல்லியிருந்தால் என்ன? அல்லது, ஒரு எழுத்து விடாமப் படிப்பவன் ஓரத்தையும் படிப்பான், படித்தால் நம்புவான் என்று நினைத்துத்தான் பேசாமல் போனாயோ?

நேற்று மாலை கையேட்டைக் கேட்டு வாங்கி, விசாலாட்சியின் முன்னாலேயே அந்த ஓரக் குறிப்புக்குக் கீழே என் கையால் எழுதினேன். காதரையும் அழைத்து உரக்க வாசித்தேன்: "இஃது இடைச்செருகல் அன்று. இதுவே மூலம். சொன்னவர் நாச்சியப்பன், எழுதியவர் விசாலாட்சி, தள்ளிவைத்துத் தவறியவன் சவரிமுத்து." அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. அடுத்து என்ன ஊத்தணும்னு ஆரு சொல்லுவா?" என்றாள். "நீதான்" என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள். இந்த முறை நான் எழுந்து பின்னால் போய், தம்ளர்களை வாங்கி வந்தேன்.

இதோ என் வாக்கு. ஞாயிறன்று பந்தயத் தளத்தில் முப்பத்திரண்டு முறையும் கண்ணை மூடாமல் பார்ப்பேன். அதன்பின் ஒரு பித்தளை வளையம் கிடைக்கும் வரை, அல்லது வார்த்துக் கடைந்து கொடுப்பவர் கிடைக்கும் வரை தேடுவேன். அந்தப் பெட்டியில் எதை ஊற்றுவது என்று இனி நான் சொல்ல மாட்டேன். விசாலாட்சி சொல்வாள், காதர் ஊற்றுவான், நான் புனலைப் பிடித்துக்கொள்வேன்.

உன் மகளுக்கு அம்மானும், அவ்வழியால் உனக்கு மைத்துனனுமாகிய
சவரிமுத்து
காரைக்குடி, 1995 மார்கழி